நெஞ்சில் சீழ் கட்டியவருக்குப் பல்லைப் பார்க்கச் சொன்னது ஏன்?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருங்கல் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை நோய் உண்டு, வெற்றிலை போடும் பழக்கமும் உண்டு. மூன்று வாரங்களாகக் காய்ச்சலும் இருமலும். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளில் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்திருக்கிறது. கடைசியில் வலது பக்க நெஞ்சில் சீழ் கட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, விலாவில் குழாய் போட்டு எடுத்திருக்கிறார்கள். வார்டில் பார்த்த மருத்துவர் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்தப் பற்களைச் சரிசெய்யாமல் விட்டால் இது திரும்ப வரலாம்" என்றாராம். நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம், செலவு வைப்பதற்காகச் சொல்கிறார்களா என்பது கேட்டவரின் சந்தேகம்.

அந்த மருத்துவர் சொன்னது முழுக்கச் சரி. நெஞ்சு நோய்க்குப் போன இடத்தில் வாயையும் திறந்து பார்க்கும் மருத்துவர் கிடைத்தது உங்கள் அப்பாவின் நல்ல காலம். நான் நாகர்கோவிலில் பல் மருத்துவம் பார்ப்பவன். படுக்கையில் இருக்கும் முதியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

வாயில் குடியிருக்கும் நுண்ணுயிர்களில் 700-க்கும் மேற்பட்ட வகைகளை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரு மில்லி எச்சிலில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். பல்லில் படியும் அழுக்குப் படலத்தில் ஒரு கிராமுக்கு 10,000 கோடி வரை இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தொந்தரவு தராதவை. தொந்தரவு தொடங்கும் இடம் ஈறு. பல்லோடு ஈறு ஒட்டும் விளிம்பில் எல்லோருக்கும் ஒரு சிறு பள்ளம் உண்டு. அது 3 மில்லிமீட்டர் ஆழம் வரை இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பற்காரை படிந்து ஈறு விலகிப் போகும்போது அந்தப் பள்ளம் 6, 7 மில்லிமீட்டர் ஆழமுள்ள பையாகிவிடுகிறது. அந்த ஆழத்துக்குக் காற்றும் போகாது, பிரஷ் நாரும் போகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் செழிக்கும் ஃபியூசோபாக்டீரியம், பிரீவோடெல்லா போன்ற கிருமிகள் அங்கே குடியேறுகின்றன. வாய் நாற்றம், பல் துலக்கும்போது ரத்தம், ஈறை அழுத்தினால் கசியும் சீழ் எல்லாம் இவற்றின் வேலைதான். சொத்தை விழுந்து வேர் மட்டும் மிச்சமிருக்கும் பற்களின் அடியிலும் இதே கூட்டம்தான் இருக்கும்.

இவை நுரையீரலுக்கு எப்படிப் போகின்றன? பெரும்பாலும் எச்சிலோடு, மூச்சுக்குழாய் வழியாக. சாப்பிடும்போது புரையேறினால் இருமுகிறோம், யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுகிறோம். அந்த இருமல்தான் நுரையீரலின் காவல். தூக்கத்தில் நடக்கும் புரையேற்றத்துக்குச் சத்தமே இல்லை. ஆழ்ந்து தூங்கும்போது விழுங்குவது குறைகிறது, இருமல் உணர்வும் மங்குகிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தூக்கத்தில் சிறிதளவு எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது தெரியவந்தது. உங்களுக்கும் எனக்கும் நேற்று இரவு அது நடந்திருக்கலாம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் அதை மேலே தள்ளிவிடும், வெள்ளணுக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், காலையில் எழுந்து வேலைக்குப் போய்விடுவோம்.

கணக்கு எப்போது தவறுகிறது என்றால், இறங்கும் எச்சிலில் கிருமிகள் மிக அதிகமாக இருக்கும்போது, அல்லது அதைத் தடுக்கும் காவல் தளரும்போது. பல நோயாளிகளிடம் இரண்டும் சேர்ந்தே இருக்கும். காவல் தளர்வதற்குக் காரணங்கள் பல: பக்கவாதம், பார்கின்சன் நோய், வலிப்பு, மறதி நோய், அதிகப்படியான மது, தூக்க மாத்திரை. மது குடித்துவிட்டு நினைவில்லாமல் மல்லாந்து கிடக்கும் ஒருவருக்குப் பல்லும் மோசமாக இருந்தால், நுரையீரலில் சீழ்க்கட்டி உருவாவதற்கு வேண்டிய எல்லாமே அங்கே அமைந்துவிடுகின்றன. உங்கள் அப்பாவின் விஷயத்தில் சர்க்கரை ஒரு பெரிய காரணமாக இருக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சுறுசுறுப்பை இழக்கும். ஈறில் சீழ் இருக்கும்வரை சர்க்கரை இறங்கவும் மறுக்கும்.

வலது பக்கத்தில் வந்தது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் வலது கிளை அகலமானது, கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குவது. இடது கிளை சாய்ந்து போகிறது. அதனால் தவறி இறங்குவது எதுவானாலும் வலது பக்கமே அதிகம் போகும். படுத்திருக்கும்போது இறங்கினால் நுரையீரலின் பின்புறப் பகுதிகளில் போய்த் தங்கும். உடைந்த பல் துண்டும், கழன்ற செயற்கைப் பல்லும்கூட இதே வழியில் போய் மாட்டிக்கொள்வது உண்டு.

இது இன்றைக்குப் புதிதாகச் சொல்லும் கதை இல்லை. 1920-களிலேயே டேவிட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர், நுரையீரல் சீழ்க்கட்டியால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது, கட்டியின் சுவரில் இருந்த கிருமிகளும் ஈறுப் பள்ளத்தில் இருக்கும் கிருமிகளும் ஒரே மாதிரியாக இருப்பதைக் கண்டார். பிறகு அந்தக் கிருமிகளைச் சேர்த்து விலங்குகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி, அதே நோயை உண்டாக்கியும் காட்டினார். நெஞ்சு மருத்துவர்கள் இன்றும் கடைப்பிடிக்கும் ஒரு பாடம் இதிலிருந்து வந்ததுதான். வாயில் ஒரு பல்கூட இல்லாத ஒருவருக்கு நுரையீரலில் சீழ்க்கட்டி வந்தால், உள்ளே மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டு புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுவார்கள். பல் இல்லாத வாயில் ஈறுப் பை இல்லை. அப்படியானால் சீழுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

நோய் வளரும் விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் தாமதம் ஆவது இங்கேதான். கிருமி இறங்கிய இடத்தில் முதலில் சாதாரண நிமோனியா போல ஒரு அழற்சி வருகிறது. கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு வாரங்களில் அந்தத் திசு அழுகி, நடுவே குழி விழுந்து சீழ் நிறைகிறது. இது சீழ்க்கட்டி. அழற்சி நுரையீரலின் வெளி விளிம்பை எட்டினால், நுரையீரலைச் சுற்றியுள்ள இரட்டை உறைக்கு நடுவில் நீர் சுரக்கிறது. வழக்கமாக அந்த இடைவெளியில் ஓரிரு தேக்கரண்டி நீருக்கு மேல் இருக்காது. கிருமி புகுந்தால் அது லிட்டர் கணக்கில் சீழாகலாம். உங்கள் அப்பாவுக்கு வந்தது இதுதான். இந்தச் சீழில் அடிக்கடி பிடிபடும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் என்ற கிருமிக் குடும்பத்தின் சொந்த வீடு வாய்தான்.

முதல் சில நாட்களில் அந்த நீர் தெளிவாக இருக்கும், ஊசியிலேயே எடுத்துவிடலாம். பிறகு கெட்டியாகி, உள்ளே சவ்வுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சீழைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்துவிடும். இன்னும் விட்டால் நுரையீரலின் மேல் தடித்த தோல் போல ஒன்று மூடி, நுரையீரல் விரிய முடியாமல் போகும். அப்போது அறுவை சிகிச்சை செய்துதான் அதை உரித்தெடுக்க வேண்டும். ஊசி, குழாய், அறுவை என்ற இந்த மூன்று படிகளில் நோயாளி எதில் நிற்பார் என்பதைப் பெரும்பாலும் தாமதம்தான் தீர்மானிக்கிறது. தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகப் புகாது. அதனால் மாத்திரை மட்டும் போதாது. நெஞ்சில் சீழ் கட்டினால் வெளியேற்ற வேண்டும் என்பது ஹிப்போகிரட்டிஸ் காலத்து மருத்துவர்களுக்கே தெரிந்திருந்தது.

மருந்துக் கடை மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாலைக் காய்ச்சல், இருமல், உடல் மெலிவு, சளியில் ரத்தம் என்று இந்த நோயின் அறிகுறிகள் அப்படியே காசநோயின் அறிகுறிகளாகவும் இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் குழிகூட ஒன்றைப் போலவே மற்றொன்று தோன்றும். கடையில் வாங்கும் சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கி, நோயைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். வாய்க் கிருமியால் வந்த சீழையும் அவை முழுதாகத் தீர்க்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். அதைச் செய்யாமல் கடைக்கும் வீட்டுக்கும் நடப்பது என்னைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே வேதனை தரும் விஷயம். வாய்க் கிருமிகளால் வந்த கட்டியில் பல சமயம் ஒரு தனி அடையாளம் உண்டு: சளியின் நாற்றம். கட்டி மூச்சுக்குழாய்க்குள் உடைந்து திறக்கும்போது நோயாளி வாய் நிறையச் சீழ்ச் சளியைத் துப்புவார், அந்த வார்டில் நிற்பதே கடினம். வீட்டில் யாருடைய சளியிலாவது அழுகல் வாடை வந்தால் அன்றைக்கே நெஞ்சு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பல்லிலிருந்து நெஞ்சுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அது அரிதானது, ஆனால் மிக வேகமானது. கீழ்த்தாடையின் பின்பற்களில் கட்டும் சீழ் சில சமயம் எலும்பைத் துளைத்துக்கொண்டு நாக்கின் அடிக்கும் தாடையின் அடிக்கும் இறங்கிவிடும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய் இது. கழுத்தில் தசைகளைப் பிரிக்கும் உறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் திறப்பவை. மடை திறந்த வயலில் தண்ணீர் பாய்வதுபோல, சீழ் அந்த வழியே இதயத்தைச் சுற்றியுள்ள பகுதி வரை இறங்கிவிடலாம். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கல் போல வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகுவது, குரல் மாறுவது, மூச்சு முட்டுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கிராம்பை வைத்துக் கட்டிப் படுக்க வைக்கும் வலி இல்லை அது.

இனி நம் ஊர்ப் பழக்கங்களுக்கு வருகிறேன். நாஞ்சில் நாட்டிலிருந்து விளவங்கோடு வரை வெற்றிலை போடாத பழைய வீடு அபூர்வம். கடலுக்குப் போகிறவர்களிடமும் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களிடமும் புகையிலை சேர்த்துப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தப் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலேயே, நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் வெற்றிலை மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி 1933-இல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். புற்று தனிக் கதை. இங்கே நமக்குத் தேவையானது வேறு: பாக்கும் சுண்ணாம்பும் பல்லில் படிந்து கறையும் காரையுமாக இறுகுகின்றன, அதன் அடியில் ஈறு விலகுகிறது. புகையிலை ஈறுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ரத்தம் வடிவது கூட வெளியே தெரியாமல் போகும். ஆகவே "எனக்கு ஈறில் ரத்தமே வராது" என்று புகையிலை போடுபவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

உமிக்கரியிலும் மாவிலையிலும் பல் தேய்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எதுவுமே செய்யாமல் இருப்பதைவிட அது மேல். ஆனால் உமிக்கரி பல்லின் மேற்பரப்பைத் தேய்க்கும், விரல் ஈறின் விளிம்புக்குள் போகாது. மென்மையான நார் உள்ள பிரஷ்தான் அந்த இடத்தை எட்டும். பல் சுத்தம் செய்தால் பல் ஆடும், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற இரண்டு பயங்களும் குமரி முழுக்க இருக்கின்றன. இரண்டுமே ஆதாரமற்றவை. காரையை எடுத்த பிறகு பல் ஆடுவதாகத் தோன்றுகிறதென்றால், எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது, அதுவரை காரை பல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பொருள்.

எனக்கு அதிகக் கவலை தருவது படுக்கையில் இருப்பவர்களின் வாய். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, மருமகளோ ஹோம் நர்ஸோ பார்த்துக்கொள்ளும் முதியவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். நல்ல அன்போடுதான் பார்த்துக்கொள்கிறார்கள். தினமும் உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பு மாற்றி, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள். தக்கலை பக்கம் அப்படி ஒரு வீட்டில், பக்கவாதம் வந்த ஒரு பாட்டியம்மாவைப் பார்க்கப் போனேன். அறை அவ்வளவு சுத்தம். வாயைத் திறந்து டார்ச் அடித்தால், செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் முந்தைய வேளையின் இட்லி பசையாக ஒட்டியிருந்தது. மேலண்ணத்தில் காய்ந்த எச்சில் பழுப்பு நிற ஏடாகப் படிந்து, துணியால் நனைத்து ஊறவைத்த பிறகுதான் உரிந்து வந்தது. அவருக்கு அடிக்கடி நெஞ்சில் சளி கட்டுகிறது என்பதுதான் வீட்டாரின் புகார். செயலிழந்த பக்கத்தில் உணவு தங்குவது நோயாளிக்கே தெரியாது என்பதை அவர்களிடம் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பவர்களுக்கு வாய் சுத்தம் வேண்டாம் என்று நினைப்பது இதைவிடப் பெரிய தவறு. மெல்லாத வாயில் எச்சில் குறையும், நாக்கும் கன்னமும் பல்லைத் துடைக்காது, படலம் இரட்டிப்பாக வளரும். குழாய் போட்டவருக்குத்தான் வாயை இன்னும் கவனமாகத் துடைக்க வேண்டும்.

இதில் பலன் உண்டா என்றால், ஆதாரம் இருக்கிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பணியாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் 19 சதவீதம் பேருக்கு வந்தது. இரு பிரிவினருக்கும் இருந்த முக்கிய வித்தியாசம் வாய் சுத்தம்தான். ஜப்பானிலேயே 85 வயதைக் கடந்தவர்களை வைத்துச் செய்த மற்றொரு ஆய்வில், செயற்கைப் பல்லைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அண்மையில், 2023-இன் இறுதியில், 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருத்துவமனை நோயாளிகளுக்குத் தினமும் பல் துலக்கிவிட்டால் அங்கே வரும் நிமோனியா சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவது தெரிந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர்களுக்கே இந்தப் பலன் தெளிவாகக் கிடைத்தது.

வீட்டில் செய்யும் முறையைச் சொல்கிறேன். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்துங்கள். உட்கார முடியாதவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். குழந்தைகளுக்கான சிறிய, மென்மையான பிரஷ் போதும். பேஸ்ட் பட்டாணி அளவுக்கும் குறைவாக. நுரை அதிகமானால் அதுவே புரையேறும். துப்ப முடியாதவருக்குப் பேஸ்ட்டே வேண்டாம், தண்ணீரில் நனைத்த பிரஷால் தேய்த்து, விரலில் சுற்றிய ஈரத் துணியால் கன்னத்தின் உட்பக்கம், அண்ணம், நாக்கு எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னால் துடைத்தெடுங்கள். வாயில் தண்ணீரை ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். காலையும் இரவும் என்று இரண்டு வேளை, அதிலும் இரவு வேளை தவறவே கூடாது. செயற்கைப் பல்லைக் கழற்றித் தேய்த்து, இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். உதடு காய்ந்தால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம், வாய்க்குள் எண்ணெயை விடாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அதுவே ஒரு தனி நோய்.

உணவு கொடுக்கும்போது படுக்க வைத்துக் கஞ்சி ஊற்றுவது நான் அடிக்கடி பார்ப்பது. முடிந்தவரை நேராக உட்காரவைத்து, மோவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் கொடுங்கள். முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும். சிலருக்குத் தண்ணீர் போன்றவை புரையேறும், கூழ்ப் பதம் இறங்கிவிடும். பக்கவாதம் வந்த எவருக்கும் வாய்வழி உணவு தொடங்குமுன் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பணியாளர் வீட்டுக்கு வரும்போது வாயையும் ஒருமுறை காட்டி விசாரிக்கலாம்.

இனி உங்கள் அப்பா. குழாய் எடுத்த உடனே எல்லாப் பற்களையும் பிடுங்க ஓட வேண்டாம். காய்ச்சல் நின்று, சர்க்கரை கட்டுக்குள் வந்து, நெஞ்சு மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்கலாம். அதுவரை வார்டிலேயே காலையும் இரவும் பல் துலக்குவது நடக்க வேண்டும், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதலில் பல் எக்ஸ்ரே எடுத்து, ஈறுப் பைகளின் ஆழத்தை அளந்து, காரையைச் சுத்தம் செய்வார்கள். காப்பாற்ற முடியாத வேர்ப் பற்களை ஒன்றிரண்டு அமர்வுகளில் எடுத்துவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்தாமல் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். செலவுதான் தயக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ காட்டலாம். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

ஆன்டிபயாடிக்கைப் பல வாரங்கள் தொடரச் சொல்வார்கள். காய்ச்சல் போய்விட்டது, பசி வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எக்ஸ்ரே தெளிந்த பிறகு மருத்துவரே நிறுத்துவார். அடுத்த முறை எக்ஸ்ரே பார்க்கப் போகும்போது, பல் மருத்துவரின் சீட்டையும் கையோடு கொண்டுபோய் அதே மருத்துவரிடம் காட்டுங்கள்.